எந்தக் காணும்?

என் துணைவியார் இப்பொழுதெல்லாம் சோறு பரிமாறும்போது "காணுமோ?" என்று கேட்பதில்லை. அகப்பையைச் சட்டியின் விளிம்பில் நிறுத்தி, "இன்னும் போடட்டோ?" என்று கேட்கிறார். பிறந்த நாள் தொட்டு நாவில் ஊறியிருந்த ஒரு சொல்லை அவர் ஒரே மாலையில் கைவிட்டார். வீட்டுக்கு வரும் விருந்தினர் எவரும் இம்மாற்றத்தைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் காரணம் கேட்பதில்லை. அது எவளால் நேர்ந்ததோ அவளைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

அவள் இங்கிலாந்தில் பிறந்தவள். இங்கிலாந்துக்காகப் போட்டிகளில் நீளம் பாய்ந்தவள். என் துணைவியாரின் சின்னம்மாவின் மகளுக்கு மகள். ஆகையால் துணைவியாரைப் பெரியம்மா என்றும் என்னைப் பெரியப்பா என்றும் அழைத்தாள். அவளுடைய பெயர் ஒரு காலத்தில் பலர் வாயிலும் இருந்த பெயர். அந்தப் பெயருக்கு நேர்ந்தவை ஏற்கெனவே அதிகம் என்பதால் அதனை நான் எழுதப் போவதில்லை.

சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் "காணும்" என்றால் போதும் என்று பொருள். "காணாது" என்றால் போதாது. தமிழகத்திலிருந்து ஜெர்மனியின் வால்டோர்ஃப் நகருக்கு மென்பொருள் வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் ஒருமுறை எங்கள் வீட்டில் உணவருந்தினார். துணைவியார் "காணுமோ தம்பி?" என்று கேட்க, எதையோ தொலைத்துவிட்டோம் போலும் என்று எண்ணி, அவர் மேசைக்குக் கீழே குனிந்து தேடத் தொடங்கினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவரும் கலந்துகொண்டார். எங்கள் வீட்டு வழக்கம் என்னவெனில், உண்பவர் "காணும்" என்று வாய்திறந்து சொல்லும் வரை அகப்பை நில்லாது. கையால் மறித்தாலும் நில்லாது. சொல் வரவேண்டும்.

அவளுக்கு இவ்வழக்கம் தெரியாது. ஒரு குளிர்கால மாலையில், தோளில் ஒரு பையுடன் வுப்பர்டாலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். மேசைக்குக் கீழே அடங்காத நீண்ட கால்களை ஒருபக்கமாக நீட்டி அமர்ந்தாள். துணைவியார் சோறு வைத்தார். "தாங்க்ஸ் பெரியம்மா" என்றாள். மேலும் வைத்தார். மேலும் நன்றி சொன்னாள். மூன்றாம் முறை அவளுடைய கண்கள் என்னைத் தேடின.

"காணும் எண்டு சொல்லு பிள்ளை. சொல்லாட்டில் பெரியம்மா சட்டி முடியுமட்டும் போடுவா" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "காணுமோ? அது அம்மா என்னை ஏசுற சொல்லெல்லோ! கட்டிலிலை ஏறிக் குதிச்சால், காணும்! அழுதால், காணும்! நான் அது 'ஸ்டாப்' எண்டெல்லோ நினைச்சனான்."

"அதுவும் அதுதான், இதுவும் அதுதான்" என்றார் துணைவியார்.

"அப்ப ரெண்டு காணும் இருக்கு" என்று அவள் விரல்களை விரித்துக் காட்டினாள். "அம்மான்ர காணும் எண்டால் நிப்பாட்டு. பெரியம்மான்ர காணும் எண்டால் நிறைஞ்சிட்டுது."

அன்று முதல் அது எங்கள் வீட்டு வேடிக்கையாயிற்று. துணைவியார் என் தேநீருக்குச் சீனி போடும்போது நான் கையை உயர்த்தி "காணும்" என்றால், அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பெரியப்பா, இது எந்தக் காணும்?" என்பாள். துணைவியார் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவர் போலச் சிரிப்பார்.

அவளிடம் இருந்த ஒரே விநோதத்தைச் சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும். எதனுடைய அளவையும் அவள் தன் கண்ணால் பார்த்து முடிவு செய்யமாட்டாள். தேநீரை ஒரு வாய் அருந்திவிட்டுச் "சீனி காணுமா பெரியம்மா?" என்பாள். குடிப்பவள் அவள், அளவைச் சொல்ல வேண்டியவர் பெரியம்மா. வெளியே பனி கொட்டும்போது கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு "இது காணுமா?" என்று கேட்பாள். படிக்கட்டைக் கூட்டிவிட்டுக் கேட்பாள். தாயாரோடு தொலைபேசியில் கதைத்து முடித்த பின்னும், "நான் கதைச்சது காணுமா?" என்று எங்களைக் கேட்டிருக்கிறாள். முதலில் அதனைச் செல்லம் என்று நினைத்தேன். பின்னரே அது அச்சம் என்று கண்டுகொண்டேன்.

அவள் எங்கள் நகரத்துக்கு வந்தது ஒரு பயிற்சியாளரை நாடி. வயதான ஜெர்மானியர், காயமுற்றுக் கைவிடப்பட்ட பாய்ச்சல்காரரை மீண்டும் மணலில் இறக்குவதில் பெயர்பெற்றவர். ஆங்கிலம் அவருக்கு வராது. வருவதாக எண்ணி அவர் பேசியது அவளுக்கு விளங்காது. ஓய்வூதியத்தோடு வீட்டிலிருந்த எனக்கோ, தொழிற்சாலை இரைச்சலுக்கிடையே கற்ற ஜெர்மன் மொழி இருந்தது. ஆகவே நான் மைதானத்துக்குச் சென்று அவர் சொல்வதைத் தமிழாக்கினேன். அவளுடைய தமிழ் சமையலறையின் அளவே ஆனது. ஆயினும் பயிற்சியாளரின் பேச்சும் அதைவிடப் பெரியதன்று. அவள் பாய்ந்து முடித்ததும் அவர் "ரைஷ்ட்" என்பார். அல்லது "ரைஷ்ட் நிஷ்ட்" என்பார். முன்னையது காணும், பின்னையது காணாது. வியப்பு என்னவென்றால், அந்த ஜெர்மன் சொல்லும் எங்கள் சொல்லைப் போன்றதே. அளவு நிறைந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். பொறுமை எல்லை கடந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

பாய்ந்து விழுந்த பின் அவள் அளவு நாடாவின் பக்கம் திரும்பமாட்டாள். மணலில் முகத்தை மறுபுறம் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்பாள்.

"பெரியப்பா, காணுமா?"

"காணாதாம் பிள்ளை."

"எவ்வளவு காணாது?"

"அதை நான் கேக்கேல்லை."

"கேக்காதேங்கோ."

அவளுடைய நாட்டு விளையாட்டு நிருவாகத்தினர் ஒரு தூரத்தைக் குறித்திருந்தனர். அந்தக் கோடை முடிவதற்குள், முறையான போட்டியொன்றில் அத்தூரத்தை அவள் பாய்ந்தாக வேண்டும். பாய்ந்தால் அணியில் இடம் உண்டு. மருத்துவமும் வாழ்க்கைச் செலவும் தொடரும். பாயாவிட்டால் யாவும் முடிந்தது. அவளுடைய வயதில் ஒருமுறை நீக்கப்பட்டவரை மீண்டும் அழைக்கும் வழக்கம் இல்லை என்று பயிற்சியாளர் மறைக்காமல் சொன்னார். அதைத் தமிழாக்கியவன் நானே. வீடு திரும்பும் வழியில், ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் எங்கள் நகரத்து ரயிலின் சன்னலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, கீழே ஆறு ஓடுவதைப் பார்த்தபடி அவள் சொன்னாள்: "பெரியப்பா, நான் வேற ஒண்டும் ஒழுங்காப் படிக்கேல்லை. எனக்குப் பாயத்தான் தெரியும். பாயாட்டில் நான் ஆர்?"

மறுமொழியாக ஏதோ ஆறுதல் கூறினேன். அது காணாது என்பது எனக்கே தெரிந்தது.

ஒரு காலத்தில் அவளுடைய முகம் இலண்டன் பேருந்துகளின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருந்ததாம். மணல் தெறிக்க, வாய் திறந்தபடி, ஆகாயத்தில் நிற்கும் படம். கடையொன்றில் வேலை பார்த்த அவளுடைய தாயார், வேலைக்குப் போகும் பேருந்துகளைத் தவறவிட்டு, மகளின் முகம் ஒட்டிய பேருந்து வரும் வரை தரிப்பிடத்தில் நின்று, அதில் ஏறியே போவாராம். அதனால் முதலாளியிடம் ஏச்சும் வாங்கினாராம்.

பின்னர் ஒரு பெரிய அரங்கில் அந்த விபரீதம் நிகழ்ந்தது. பாய்வதற்குக் காலை ஊன்றும் மிதிபலகையின் விளிம்பில் மென்மையான களிமண் பூசியிருப்பார்கள். பாதம் எல்லையைக் கடந்தால் அதில் சுவடு விழும். சுவடு விழுந்தால் நடுவர் சிவப்புக் கொடியை உயர்த்துவார். பாய்ந்த பாய்ச்சல் செல்லாது. அன்று அவள் தன் வாழ்நாளிலேயே மிக நீளமாகப் பாய்ந்தாள். விழுந்த இடத்தைக் கண்ணால் அளந்தாள். பதக்கம் தனக்கே என்று நம்பினாள். இரு கைகளையும் உயர்த்தி ஓடினாள். முழந்தாளிட்டு நிலத்தை முத்தமிட்டாள். யாரோ நீட்டிய தேசியக் கொடியை வாங்கிப் போர்த்திக்கொண்டாள். அவ்வளவு நேரமும் அவள் முதுகுக்குப் பின்னால் சிவப்புக் கொடி உயர்ந்தே நின்றது.

அக்காட்சியை எவரோ வெட்டி எடுத்து, வேடிக்கையான இசையைச் சேர்த்துக் கைபேசிகளில் உலவவிட்டனர். அவள் வென்ற பதக்கங்கள் அனைத்தையும் அச்சிறு படம் விழுங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் தூரம் காட்டும் பலகையைத் தானே பார்த்ததில்லை. நம்பக்கூடிய ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே அவளுடைய வழக்கமாயிற்று.

இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தினர் விளையாட்டுப் போட்டிப் பரிசளிப்புக்கு அவளைப் பிரதம விருந்தினராக அழைத்தனர். வேண்டாம் என்று நான் சொன்னேன். "எங்கட ஆக்கள்தானே பெரியப்பா" என்று சொல்லி, துணைவியாரின் சேலையொன்றை உடுத்துக்கொண்டு வந்தாள். சேலை கணுக்காலுக்கு மேலே நின்றது. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "உயரம் பாய்ந்து உலகத்தின் உச்சியைத் தொட்ட எங்கள் குலக்கொடி" என்று அறிமுகம் செய்தார்.

"நீளம்" என்று அவள் மெதுவாகத் திருத்தினாள்.

"நீளமும் பாய்ந்த" என்று தலைவர் சேர்த்துக்கொண்டார்.

உணவு வேளையில் ஒரு பெரியவர் தட்டோடு வந்து அருகில் அமர்ந்தார். "தங்கச்சி, நீர் இன்னும் பாயிறீரோ? இவ்வளவு காலம் பாய்ஞ்சதுக்கு ஒரு கலியாணத்தைச் செய்துகொண்டு இருந்திருக்கலாமே."

"மாப்பிளையள் தூரத்திலை நிக்கினம் அண்ணை. என்ர பாய்ச்சல் காணாது" என்றாள். மேசை முழுவதும் சிரித்தது. அவளுக்குப் பேச வராது என்று எண்ணியிருந்தவர்கள் வியந்தனர்.

அந்த வேளையில்தான் ஒரு சிறுமி தன் தாயின் கையை இழுத்துக்கொண்டு வந்து, அவளைச் சுட்டிக்காட்டி உரத்த குரலில் கூறினாள்: "அம்மா, இவதான் அந்த வீடியோ அக்கா!"

தாய் வெட்கிச் சிறுமியின் கையைத் தட்டினாள். அவளோ நாற்காலியிலிருந்து இறங்கி, சிறுமியின் முகத்துக்கு நேரே குந்தினாள்.

"நீங்கள் பார்த்தனீங்களோ? நல்லாச் சிரிச்சனீங்களோ?"

"ஓம்."

"எத்தினை தரம் பார்த்தனீங்கள்?"

"கனதரம்."

"அது காணுமா? இல்லாட்டில் இன்னும் ஒருக்காச் செய்து காட்டட்டோ?"

சிறுமி தலையாட்டினாள். அவள் எழுந்து, சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே கைகளை உயர்த்தியவாறு ஓடினாள். மேடைக்கு முன்னால் முழந்தாளிட்டுத் தரையை முத்தமிட்டாள். பக்கத்து மேசையில் கிடந்த கைதுடைக்கும் துணியை எடுத்துக் கொடியைப் போலத் தோளில் போர்த்தினாள். மண்டபம் கைதட்டிற்று. பலர் கைபேசிகளை உயர்த்தினர். "எங்கட பிள்ளைக்கு நல்ல பகிடிக்குணம்" என்று தலைவர் ஒலிவாங்கியில் சொன்னார்.

அவள் எழவில்லை. முழந்தாளிட்டபடியே சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சிரிப்பு சற்று நீண்டுவிட்டதை உணர்ந்து நான் அருகில் போனேன். என் கையைப் பற்றினாள். அந்தப் பிடியில் என் விரல்கள் நொந்தன. சிரித்த முகம் மாறாமலே என் காதில் சொன்னாள்: "பெரியப்பா, தூக்குங்கோ. ஒருத்தருக்கும் தெரியாத மாதிரித் தூக்குங்கோ."

அவளுடைய முழங்காலின் உண்மை நிலையை அன்றுதான் அறிந்தேன்.

பின்னர் ஒரு மருத்துவரிடம் நேரம் குறித்து, இங்கத்தைய பேச்சில் டெர்மின் எடுத்து, அவளைக் கூட்டிச் சென்றேன். அவர் படங்களை ஒளிப்பலகையில் வைத்துப் பார்த்தார். மூட்டுக்குள் எஞ்சியிருப்பது கொஞ்சமே என்றும், அதுவும் தேய்ந்தால் பாய்ச்சலைப் பற்றியன்று, நடையைப் பற்றியே கவலைப்பட வேண்டியிருக்கும் என்றும் கூறினார். தமிழாக்கினேன். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "இருக்கிறது இந்தக் கோடைக்குக் காணுமா எண்டு கேளுங்கோ" என்றாள். கேட்டேன். மருத்துவர் பேனாவின் மூடியை மூடினார். அந்த மறுமொழியைத் தமிழாக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

எங்கள் வீட்டின் மேல்மாடி அறையிலிருந்து அவள் காலையில் இறங்கி வரும் விதம் எனக்கும் துணைவியாருக்கும் மட்டுமே தெரியும். ஏணியில் இறங்குபவரைப் போலப் பின்பக்கமாக, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, மறு கையால் கைப்பிடியைப் பற்றி இறங்குவாள். அடி வந்து சேர்ந்ததும் நிமிர்ந்து, தலைமயிரை ஒதுக்கி, விளையாட்டு வீராங்கனைக்குரிய நடையில் சமையலறைக்குள் வருவாள். அந்த நேரத்தில் துணைவியார் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவார். தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று அவளுக்குக் காட்டுவதற்காக.

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. சொன்னால் அடுத்த பிளேனிலையே அந்தக் காணுமைத் தூக்கிக்கொண்டு வந்திறங்குவா" என்று எங்களிடம் வேண்டியிருந்தாள்.

தாயார் வந்தார். யாரும் சொல்லி வரவில்லை. கோடையின் கடைசிப் போட்டி எங்கள் நகரத்து மைதானத்திலேயே நடக்க இருந்தது. அதைப் பார்க்கவே வந்தார். சிறிய உருவம். பெட்டி நிறைய உணவுப் பொருள்கள்; கைப்பையில் செபமாலை. அந்த நெடிய மகளைப் பெற்றவர் என்று சொன்னால் நம்ப முடியாத குள்ளம். போட்டியன்று காலை, மகளுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கலாமென்று கோப்பையோடு படிக்கட்டின் அடியில் நின்றார். துணைவியார் தடுப்பதற்குள் மேலே கதவு திறந்துவிட்டது. மகள் வழமைபோல் முதுகைக் காட்டியபடி இறங்கி வந்தாள். கீழே ஒருவர் நிற்பதை அறியாமல், ஒவ்வொரு படிக்கும் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு வந்தாள்.

தாயார் பாதியிலேயே விலகிச் சமையலறைக்குள் வந்து, கோப்பையை மேசையில் வைத்தார். தேநீர் ததும்பிற்று.

"எப்ப தொடக்கம் உப்பிடி அக்கா?"

"கனநாளாய், தங்கச்சி."

"எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே."

"சொல்ல வேண்டாம் எண்டவள்."

தாயார் என்னைப் பார்த்தார். "அத்தான், இண்டைக்கு அவள் பாய வேணுமோ?"

"பாயாட்டில் எல்லாம் போச்சு" என்றேன்.

"பாய்ஞ்சால்?"

நான் வாயெடுக்கும் முன், மகள் நிமிர்ந்த நடையோடு உள்ளே வந்து, தாயைக் கட்டிப்பிடித்து, "அம்மா, சாப்பாடு கொஞ்சம் போடுங்கோ. காணுமெண்டு நான் சொல்லுவன்" என்றாள்.

மைதானத்தில் எங்கள் ஏற்பாடு இவ்வாறு இருந்தது. பயிற்சியாளர் ஓட்டப்பாதையின் மறுகரையில், மிதிபலகைக்கு நேரே நின்று பாதத்தைக் கவனிப்பார். நான் மணற்குழிக்கு எதிரே, வேலிக்கு அப்பால் உள்ள பார்வையாளர் வரிசையில் தாயாரோடும் துணைவியாரோடும் அமர்ந்திருப்பேன். ஒவ்வொரு பாய்ச்சலின் பின்னும் தூரம் காட்டும் பலகை மெல்லச் சுழன்று எங்கள் பக்கம் வரும். நான் அதைப் பார்த்து, காணும் அல்லது காணாது என்று உரத்துச் சொல்வேன். காணும் என்றால் அவள் உடனே முழங்காலைச் சுற்றி ஒட்டிய கட்டினை வெட்டி எறிந்துவிட்டு உட்கார வேண்டும். அதற்கு மேல் ஒரு பாய்ச்சலும் பாயக் கூடாது. இது பயிற்சியாளரின் கண்டிப்பான கட்டளை. அந்தக் கட்டினை அவரே அன்று காலை நெடுநேரம் எடுத்து, பட்டி மேல் பட்டியாக ஒட்டியிருந்தார். அது இல்லாமல் அந்தக் கால் ஓடாது.

ஆளுக்கு ஆறு பாய்ச்சல்கள். முதல் நான்கும் காணாது. ஒவ்வொன்றின் பின்னும் அவள் மணலிலிருந்து எழுவதற்கு எடுத்த நேரம் கூடிக்கொண்டு போயிற்று. தாயார் பலகையை ஒருமுறையும் பார்க்கவில்லை. அவருடைய கண் மகளின் முழங்காலை விட்டு அகலவில்லை. செபமாலை கையிலிருந்தும் விரல்கள் நகரவில்லை.

ஐந்தாவது பாய்ச்சலில் அவள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் ஓடி வந்தாள். மிதித்தாள். எழும்பினாள். பேருந்துப் படத்தில் இருந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றிற்று. நெடுந்தூரம் சென்று விழுந்தாள். பாய்ச்சல் செல்லும் என்று வெள்ளைக் கொடி உயர்ந்தது. விழுந்த கணத்தில் அவள் வாயிலிருந்து ஒரு ஒலி வந்தது. அவள் இரு கைகளாலும் முழங்காலைப் பற்றிக்கொண்டு, வழமைபோல் பலகைக்கு முதுகு காட்டி, எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

பலகை இன்னும் சுழன்று வரவில்லை. நான் காத்திருந்தேன். அந்த இடைவெளியில் தாயார் எழுந்தார். வேலியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அவ்வளவு சிறிய உடம்பிலிருந்து வரும் என்று நான் நினைத்திராத குரலில் கூவினார்:

"காணும் பிள்ளை! காணும்!"

மணலில் இருந்தவளின் முகம் விரிந்தது. நான் அந்த முகத்தை மறக்க விரும்பி இதுவரை மறக்க முடியாதவனாக இருக்கிறேன். அவள் நொண்டிக்கொண்டு இருக்கைக்குச் சென்றாள். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, தொடையிலிருந்து கீழ்நோக்கிக் கட்டினை வெட்டினாள். பட்டிகள் தோல் உரிவதுபோல் விலகின. காலணிகளைக் கழற்றி எறிந்தாள்.

அப்பொழுது பலகை எங்கள் பக்கம் திரும்பிற்று. ஒரு விரல் அகலம் குறைவு.

"காணாது! பிள்ளை, காணாது!" என்று கத்தினேன். ஒலிபெருக்கியில் அடுத்த ஓட்டப் போட்டிக்கான இசை தொடங்கிவிட்டது. அவள் என் வாய் அசைவதைக் கண்டாள். நானும் மகிழ்ந்து கூவுகிறேன் என்று எண்ணி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மறுகரையில் பயிற்சியாளர் அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு, இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆறாவது பாய்ச்சலுக்கு அவளுடைய பெயர் அழைக்கப்பட்டது. தனக்கு வேண்டியதில்லை என்று நடுவருக்குச் சிரித்தபடி கையசைத்தாள். அவளுக்குரிய நேரம் ஓடி முடிந்தது.

பயிற்சியாளர் அவளிடம் வந்து, மொழிபெயர்ப்பாளன் இல்லாமலே இரண்டு சொற்களைச் சொன்னார். அவை அவளுக்கு நன்கு தெரிந்த சொற்கள்.

அவள் அழவில்லை. வெறுங்காலோடு, கட்டின் எச்சங்கள் காலிலிருந்து தொங்க, வேலியருகே வந்து நின்றாள். எங்கள் வீட்டு மேசையில் எத்தனையோ முறை கேட்ட கேள்வியைத்தான் கேட்டாள். குரலில் வேடிக்கை மட்டும் இல்லை.

"அம்மா, நீங்கள் எந்தக் காணும் சொன்னனீங்கள்?"

தாயாருக்கு விளங்கவில்லை. என்னையும் துணைவியாரையும் மாறி மாறிப் பார்த்தார். "எத்தினை காணும் இருக்கு பிள்ளை? எனக்கு ஒண்டுதான் தெரியும்" என்றார். "நீ காலைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தாய். காணும் எண்டு சொன்னனான்."

மகள் தலையை அசைத்தாள். "ஓம்" என்றாள். "ஓம் அம்மா."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளுடைய கைபேசி விடாமல் அதிரத் தொடங்கியது. அவள் அதை அணைத்துப் பெரியம்மாவின் கைப்பைக்குள் போட்டாள்.

மாலையில் துணைவியார் சமைத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நால்வரும் மேசையைச் சுற்றி அமர்ந்து சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டோம். எங்களுக்குப் பரிமாறிய பின், அவளுடைய தட்டில் துணைவியார் சோறு வைத்தார். வைத்துவிட்டு, எண்ணிப் பாராமல், வாழ்நாள் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"காணுமோ?"

கேட்ட பின்னரே கேட்டது என்ன என்பது அவருக்கு உறைத்தது. அகப்பை அந்தரத்தில் நின்றது. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமொழி வரவில்லை. சொல் வராமல் எங்கள் வீட்டில் அகப்பை நின்றதில்லை. துணைவியார் மீண்டும் ஒரு அகப்பை வைத்தார். நின்று பார்த்தார். மீண்டும் வைத்தார். சோறு குவிந்து தட்டின் விளிம்பைத் தாண்டி மேசையில் சரிந்தது. நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாம். தாயார் சொல்லியிருக்கலாம். அந்த மேசையில் அதற்குரிய வாய் ஒன்றும் இருக்கவில்லை. இறுதியில் அகப்பை சட்டியின் அடியைச் சுரண்டும் ஒலி கேட்டது.

"முடிஞ்சுது பிள்ளை" என்றார் துணைவியார்.

அவள் தட்டை நெஞ்சருகே இழுத்துக்கொண்டு உண்ணத் தொடங்கினாள். அவசரமின்றி, மேசையில் சரிந்ததையும் விரல்களால் கூட்டி எடுத்து உண்டாள். நாங்கள் உண்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து மீண்டும் அமர்ந்தோம். அவள் உண்டுகொண்டே இருந்தாள். இடையில் சோறு விக்கிற்று. தண்ணீரைக் குடித்துவிட்டு மீண்டும் உண்டாள். எதிரே இருந்த தாயார் மகளின் கையை மறிக்கப் போவதுபோல் இரண்டு தடவை முன்னே சாய்ந்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. அந்தச் சொல் வெளியே வரவில்லை.